விசிறியைக் காணோம்: அப்டேட்டுக்குப் பிறகு லேப்டாப்பில் வைஃபை வராவிட்டால்

ஒரு நவம்பர் மாதம், புதன்கிழமை காலை ஆறே முக்கால். சோழிங்கநல்லூரில் நைட் ஷிஃப்ட் முடித்து, கேப்பில் வந்து இறங்கி, அப்போதுதான் தலையைச் சாய்த்திருந்தேன். அம்பாசமுத்திரத்திலிருந்து சித்தப்பா.

"ஏட்டி, அந்த விசிறி மாதிரி ஒண்ணு இருக்கும்லா, மூலையில? அதக் காணும். அந்த எடத்துல ஒரு உருண்ட நிக்கு."

"ராத்திரி அப்டேட் ஏதும் ஓடிச்சா சித்தப்பா?"

"ஓடிச்சு. பாதியில கரண்டு போயிட்டு. இந்தச் சவத்துக்கு பேட்டரியும் செத்து ரெண்டு வருசம் ஆச்சுல்லா."

சித்தப்பா தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மத்திய அரசு பென்ஷன்காரர்கள் வருஷா வருஷம் நவம்பரில் 'உயிரோடு இருக்கிறேன்' என்று சான்று கொடுக்க வேண்டும். 2014இல் ஜீவன் பிரமாண் வந்தபிறகு, கைரேகைக் கருவியைக் கம்ப்யூட்டரில் செருகி வீட்டிலிருந்தே கொடுத்துவிடலாம். இப்போதெல்லாம் செல்போனில் முகத்தைக் காட்டினாலே போதும். ஆனால் "மூஞ்சியக் காட்டிப் பென்ஷன் வாங்கவா அத்தன வருசம் முத்திர குத்துனேன்" என்பது அவர் கட்சி. அன்று பத்து மணிக்கு அவருடைய கூட்டாளிகள் மூன்று பேர் கைரேகை வைக்க வருவதாக ஏற்பாடு.

எனக்குப் பிழைப்பே இதுதான். பதினான்கு வருஷமாக ஹெல்ப்டெஸ்க். இந்தப் புகார் புதன், வியாழன் காலைகளில் குவிவதற்கு ஒரு காரணம் உண்டு. மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்திர அப்டேட்டை மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி காலை பத்து மணிக்கு வெளியிடும். நமக்கு அது செவ்வாய் இரவு பத்தரை, குளிர்காலமானால் பதினொன்றரை. நாம் தூங்கும்போது இறங்கி, விடிவதற்குள் ஏறி உட்கார்ந்துவிடும்.

அன்று சித்தப்பாவிடம் போனில் சொன்ன வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். வரிசைதான் முக்கியம். நிறையப் பேர் எடுத்த எடுப்பில் 'ரீசெட்'டுக்கும் ஃபார்மேட்டுக்கும் பாய்கிறார்கள். காய்ச்சல் வந்தவனை நேரே ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகிற கதை. விண்டோஸ் 11ஐ வைத்துச் சொல்கிறேன். 10லும் பெயர்கள் பெரும்பாலும் இவைதான், சில இடங்களில் வழி கொஞ்சம் மாறும்.

முதலில், எது போயிருக்கிறது?

'வைஃபை போயிருச்சு' என்று சொல்லும்போது மூன்று விதமான கோளாறுகளை நாம் ஒரே பெயரால் கூப்பிடுகிறோம். வலது கீழ் மூலையில் விசிறிச் சின்னம் இருக்கும் இடத்தை அழுத்துங்கள். ஒரு சின்னப் பெட்டி விரியும். அதில் வைஃபை என்ற கட்டமே இல்லை, ஏரோப்ளேன் மட்டும் இருக்கிறது என்றால் லேப்டாப்புக்குத் தன்னிடம் வைஃபை சிப் இருப்பதே தெரியவில்லை என்று அர்த்தம். கட்டம் இருக்கிறது, அக்கம்பக்கத்து நெட்வொர்க் பெயர்களும் வருகின்றன, ஆனால் நம்முடையதில் ஒட்ட மாட்டேன் என்கிறது என்றால் சிப் உயிரோடுதான் இருக்கிறது, கைகுலுக்குவதில்தான் தகராறு. கனெக்டட் என்றே காட்டுகிறது, ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை என்றால் கோளாறு அதற்கும் அப்பால். அப்டேட்டுக்குப் பிறகு வருவதில் முதல் வகைதான் ஆளைப் பயமுறுத்தும். அதனால் அதைத்தான் நீட்டிச் சொல்லப்போகிறேன்.

அதற்கும் முன்னால் ஒன்று. வீட்டில் இருக்கும் செல்போன் அதே வைஃபையில் ஓடுகிறதா என்று பாருங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் போன் டேட்டாவில் ஓடிக்கொண்டே 'வைஃபை நல்லாத்தான் இருக்கு' என்று சாட்சி சொல்லும். போனிலும் வரவில்லை என்றால் லேப்டாப்பை விட்டுவிட்டு ரவுட்டரைப் பாருங்கள். பாதி பிராது அங்கேயே முடிந்துவிடும்.

போனில் வழி சொல்லுகிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. 'என்ன பண்ணினீங்க' என்று கேட்காதீர்கள். அவர்கள் ஒன்றும் பண்ணியிருக்கமாட்டார்கள், கேட்டால் கோபம்தான் வரும். 'இப்ப என்ன தெரியுது' என்று கேளுங்கள். முடிந்தால் வீடியோ கால் போடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் போனைப் பிடித்தது சித்தி. கேமரா பாதி நேரம் மோட்டு வளையைத்தான் காட்டியது, ஆனாலும் உதவியது.

ரீஸ்டார்ட்டும் ஷட் டவுனும் ஒன்றல்ல

"நாலு தடவ அணச்சு அணச்சுப் போட்டுட்டேன்" என்றார் சித்தப்பா. எல்லோரும் சொல்வதுதான். ஆனால் ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுசாக அணைவதில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி பெரும்பாலான லேப்டாப்பில் தானாகவே ஆன் ஆகியிருக்கும். அது டிரைவர்கள் (சிப் போன்ற உறுப்புகளை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்கள்) உட்பட விண்டோஸின் உள்நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்து, அடுத்த முறை அதையே எடுத்துப் படித்துச் சட்டென்று எழும். கோளாறோடு தூங்கி, கோளாறோடு விழிக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாக ஏறும். பார்க்கத் தலைகீழாக இருக்கும், ஆனால் நிஜம் அதுதான்.

ஆகவே ஸ்டார்ட் பட்டனில் பவர் சின்னத்தை அழுத்தி ரீஸ்டார்ட். எழுந்ததும் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போய், மிச்சம் ஏதும் 'ரீஸ்டார்ட் வேண்டும்' என்று காத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இன்னொரு தடவை. பாதியில் கரண்டு போன கேஸ்களில் இது கட்டாயம்.

அப்படியே ஏரோப்ளேன் கட்டம் ஆனில் கிடக்கிறதா என்றும் ஒரு பார்வை. மேல்வரிசை எஃப் சாவிகளில் ஒன்றில் விமானம் அல்லது கோபுரம் படம் போட்டிருக்கும். கை பட்டுப் போயிருக்கலாம். பழைய மாடல்களில் பக்கவாட்டில் தள்ளுகிற சுவிட்சே உண்டு. ஒரு வங்கி மேனேஜர் இரண்டு நாள் வைஃபை இல்லாமல் தவித்தார். கடைசியில் பார்த்தால் லேப்டாப் பையின் ஜிப் அந்தச் சுவிட்சைத் தள்ளியிருக்கிறது. அவர் அப்டேட்டைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

கரண்டை வடித்தல்

இதை யாரும் நம்புவதில்லை. நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சீனியர்கள் சொன்னபோது மந்திரம் என்றுதான் நினைத்தேன்.

லேப்டாப் அணைந்திருக்கும்போதும் மதர்போர்டின் சில பாகங்களுக்குச் சிறு மின்சாரம் போய்க்கொண்டேதான் இருக்கும். வைஃபை சிப்பும் அதில் ஒன்றாக இருக்கலாம். அந்தச் சிப்புக்குள் ஒரு குட்டி மென்பொருள் ஓடுகிறது. விண்டோஸ் எழும்போது டிரைவர் அதைச் சிப்புக்குள் ஏற்றும். அப்டேட் நடுவில் அந்த ஏற்றம் தடங்கினால் சிப் பேச்சுமூச்சில்லாமல் மாட்டிக்கொள்ளும். ரீஸ்டார்ட்டிலும் அதற்குப் போகிற மின்சாரம் நிற்காததால் அது தெளிவதே இல்லை. மின்சாரத்தைச் சுத்தமாக நிறுத்தினால்தான் மயக்கம் தெளியும்.

செய்ய வேண்டியது இது. ஷிஃப்ட் சாவியை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள். அப்படிக் கொடுத்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் குறுக்கே வராமல் முழுசாக அணையும். சார்ஜரைப் பிடுங்குங்கள். மவுஸ், பென்டிரைவ், கைரேகைக் கருவி எல்லாவற்றையும் கழற்றுங்கள். பேட்டரி கழற்றக்கூடியது என்றால் கழற்றுங்கள். பிறகு பவர் பட்டனை முப்பது நொடி விடாமல் அமுக்கிப் பிடியுங்கள். நடுவில் லைட் எரிந்து அணைந்தாலும் விரலை எடுக்காதீர்கள். பேட்டரி உள்ளேயே இருக்கும் புது மாடல்களிலும் இந்த நீண்ட அழுத்தல் பலவற்றில் வேலை செய்யும். சில மாடல்களுக்கு அடிப்பக்கம் குண்டூசித் துளை ஒன்று தனியாக வைத்திருப்பார்கள். பிறகு சார்ஜரை மாட்டி ஆன் செய்யுங்கள்.

சித்தப்பா அமுக்கினார், சித்தி சத்தமாக எண்ணினாள். இருபத்திரண்டில் அடுப்பில் பால் பொங்கிவிட்டது. அவள் ஓட, அவரும் கையை எடுத்துவிட்டார். மறுபடியும் ஒன்றிலிருந்து.

இத்தோடு விசிறி திரும்ப வந்துவிட்ட கேஸ்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சித்தப்பாவுக்கு வரவில்லை. ஆனால் ஒரு மாற்றம் நடந்திருந்தது. அது அடுத்த இடத்தில்தான் தெரிந்தது.

டிவைஸ் மேனேஜர் என்கிற வருகைப் பதிவேடு

ஸ்டார்ட் பட்டன் மேல் மவுஸின் வலது பக்கத்தை அழுத்தினால் ஒரு பட்டியல் எழும். அதில் டிவைஸ் மேனேஜர். திறந்தால் லேப்டாப்புக்குள் இருக்கும் உறுப்புகளின் பெயர்கள். நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற வரிக்கு முன்னால் இருக்கும் சிறு அம்பை அழுத்தினால் விரியும். வயர்லெஸ், வைஃபை, 802.11 என்று ஏதாவது ஒட்டிய பெயர்தான் நம்ம ஆள். வேன் மினிபோர்ட் என்று ஏழெட்டு வரிகள் கிடக்கும், அவற்றைத் தொடாதீர்கள்.

பெயர் எப்படித் தெரிகிறது என்பதில்தான் நோய் தெரியும். சுத்தமாக இருந்தால் கோளாறு வேறு எங்கோ. பெயர்மேல் கீழ்நோக்கிய அம்பு இருந்தால் யாரோ முடக்கிவைத்திருக்கிறார்கள். வலது கிளிக், எனேபிள், தீர்ந்தது. பெயரே இல்லையென்றால் மேலே வியூ மெனுவில் 'ஷோ ஹிடன் டிவைசஸ்' கொடுங்கள். மங்கலாக வந்தால், ஆள் முன்பு இருந்தார், இன்று வருகை இல்லை. மஞ்சள் முக்கோணம் என்றால் ஆள் வந்திருக்கிறார், டிரைவரோடு ஒத்துப்போகவில்லை. டிரைவர் என்பது விண்டோஸுக்கும் சிப்புக்கும் நடுவில் நிற்கிற துபாஷி. புது துபாஷி சிப்பின் பாஷையைச் சரியாகப் பேசாவிட்டால் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

கரண்டை வடிப்பதற்கு முன் சித்தப்பாவை ஒரு தடவை இங்கே பார்க்கச் சொல்லியிருந்தேன். அப்போது பெயர் மங்கலாகக் கிடந்தது. வடித்தபிறகு நல்ல கறுப்பில், தலையில் மஞ்சள் முக்கோணத்தோடு நின்றது. அவர் "இன்னும் மோசமாயிட்டுட்டி, மஞ்சளா அபாயம் போட்டுருக்கான்" என்றார். எனக்கு நிம்மதி. ஆஸ்பத்திரி வாசலில் கிடந்தவர் கண் திறந்து முனகுகிற நிலை அது.

பெயர்மேல் இருமுறை கிளிக் செய்தால் ஒரு ஜன்னல் திறக்கும். நடுவில் ஒரு கட்டத்தில் நோயின் எண் எழுதியிருக்கும். கோடு 10 என்றால் கிளம்ப முடியவில்லை. 28 என்றால் டிரைவரே இல்லை. 43 என்றால் உறுப்பே 'எனக்குக் கோளாறு' என்று சொன்னதால் விண்டோஸ் நிறுத்திவைத்திருக்கிறது. 45 என்றால் மாட்டியிருப்பதாகவே தெரியவில்லை. மங்கலாகத் தெரியும் பெயருக்கு இதுதான் வரும். 56 கொஞ்சம் விசேஷம்: வி.பி.என் மென்பொருள் ஏதாவது நெட்வொர்க்கில் கால் நீட்டிப் படுத்திருக்கும்போது இந்த எண்ணை அதிகம் பார்த்திருக்கிறேன். வி.பி.என்னை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். சித்தப்பாவுக்கு வந்தது 10.

பழைய டிரைவருக்குத் திரும்புவது

அதே ஜன்னலில் டிரைவர் என்று ஒரு தாவல். அதில் 'ரோல் பேக் டிரைவர்' என்ற பட்டன். அழுத்த முடிகிற மாதிரி இருந்தால் அழுத்துங்கள். காரணம் கேட்கும், எதையாவது டிக் செய்து எஸ் கொடுங்கள். இது நடந்தால் பெரும்பாலும் அங்கேயே வேலை முடிந்தது.

பட்டன் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தால் பலரும் கைவிட்டுவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். விண்டோஸ் பழைய டிரைவர்களை ஒரு மூலையில் சேர்த்துவைத்திருக்கும், நம்ம வீட்டுப் பரண் மாதிரி. அதைத் திறக்க இன்டர்நெட்டே வேண்டாம். அதே தாவலில் 'அப்டேட் டிரைவர்' அழுத்துங்கள். இரண்டு வழி காட்டும்; இரண்டாவதான 'பிரவுஸ் மை கம்ப்யூட்டர்'. அடுத்த பக்கத்தில் கீழே ஒரு வரி இருக்கும், 'லெட் மி பிக்' என்று ஆரம்பிக்கும். அதை அழுத்தினால் இந்தச் சிப்புக்குப் பொருந்தும் டிரைவர்கள் வரிசையாக வரும், சில சமயம் ஒரே பெயர் இரண்டு மூன்று தடவை, பக்கத்தில் பதிப்பு எண்ணோடு. இப்போது ஓடுவது எந்த எண் என்று டிரைவர் தாவலில் முன்பே பார்த்துக் குறித்துவைத்திருந்தால், அதைவிடக் குறைந்த எண்ணைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் கொடுக்கலாம்.

சித்தப்பாவுக்கு இரண்டு வரி வந்தது. எண்களை ஒவ்வொன்றாக வாசித்தார், மணியார்டர் நம்பர் வாசிக்கிற மாதிரி, புள்ளிக்குப் புள்ளி நிறுத்தி. சின்ன எண்ணைத் தொடச் சொன்னேன். திரை ஒரு நொடி மினுங்கியது. முக்கோணம் போய்விட்டது.

"விசிறி வந்துட்டு" என்றாள் சித்தி. அவர் இன்னும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பரணிலும் ஒன்றும் இல்லையென்றால் அடுத்தது அன்இன்ஸ்டால். டிவைஸ் மேனேஜரில் பெயர்மேல் வலது கிளிக் செய்து 'அன்இன்ஸ்டால் டிவைஸ்'. அப்போது டிரைவரையும் சேர்த்து அழிக்கட்டுமா என்று ஒரு சின்னக் கட்டம் கேட்கும். முதல் தடவை அதை டிக் செய்யாதீர்கள். பிறகு மேலே ஆக்‌ஷன் மெனுவில் 'ஸ்கேன் ஃபார் ஹார்டுவேர் சேஞ்சஸ்'. ஆளை வெளியே அனுப்பி மறுபடி வாசலில் வந்து பெயர் சொல்லச் சொல்வதுதான் இது. அப்படியும் முக்கோணம் போகவில்லை, கையில் வேறு டிரைவர் தயாராக இருக்கிறது என்றால் மட்டும் இரண்டாம் தடவை டிக் செய்து அழியுங்கள்.

நெட் இல்லாமல் நெட்டைச் சரிசெய்ய டிரைவரை எங்கே போய் எடுப்பது?

ஆண்ட்ராய்டு போனைச் சார்ஜர் கேபிளால் லேப்டாப்போடு மாட்டுங்கள். போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட், டெதரிங் என்று இருக்கும் இடத்தில் 'யூஎஸ்பி டெதரிங்' ஆன் செய்யுங்கள். கேபிள் மாட்டியபிறகுதான் அந்த வரி உயிர்பெறும். லேப்டாப் அதை ஒரு கம்பி இணைப்பாகவே நினைத்து நெட் கொடுத்துவிடும், தனி டிரைவர் வேண்டாம். போன் அப்போது வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த வைஃபையைத்தான் கேபிள் வழியாக லேப்டாப்புக்குக் கொடுக்கும், உங்கள் டேட்டா குறையாது. இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. சில கேபிள்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும். டெதரிங் வரி மங்கியே கிடந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள். ஐபோனுக்கு லேப்டாப்பில் ஆப்பிளின் மென்பொருள் முன்பே இருந்தால்தான் சுலபம்.

நெட் வந்தபிறகு, லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணை அதைத் தயாரித்த கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் போட்டு வைஃபை டிரைவரை எடுங்கள். 'டிரைவர் அப்டேட்டர்' என்று இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்கள் பக்கமே போகாதீர்கள். ஒன்றைச் சரிசெய்ய வந்து நான்கைக் கெடுத்துவிட்டுப் போகும்.

ஸ்டிக்கர் அழிந்துபோயிருந்தால் இன்னொரு வழி. டிவைஸ் மேனேஜரில் அந்தப் பெயரின் ஜன்னலில் டீடெயில்ஸ் தாவல், அதில் 'ஹார்டுவேர் ஐடிஸ்'. முதல் வரியில் வி, இ, என் என்ற மூன்று எழுத்துக்குப் பின்னால் நான்கு எழுத்தில் ஒரு எண் வரும். 8086 என்றால் இன்டெல். 1978இல் அவர்கள் விட்ட புகழ்பெற்ற சிப்பின் எண்ணையே அடையாள எண்ணாக வைத்துக்கொண்டார்கள். 10இசி என்றால் ரியல்டெக், 14சி3 என்றால் மீடியாடெக், 168சி என்றால் குவால்காம் ஏதெரோஸ், 14இ4 என்றால் பிராட்காம்.

டிரைவர் தேடும்போதே செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், ஆப்ஷனல் அப்டேட்ஸ் என்று போய்ப் பாருங்கள். சரியான டிரைவர் சில சமயம் அங்கேயே வாயில் விரல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

விசிறி இருக்கிறது, ஆனால் ஒட்டவில்லை

முதலில் அந்த நெட்வொர்க் பெயரின்மேல் வலது கிளிக் செய்து 'ஃபர்கெட்' கொடுத்து, பாஸ்வேர்டைப் புதிதாக அடியுங்கள். பிறகு ரவுட்டரை ஒரு நிமிடம் அணைத்துப் போடுங்கள். ரவுட்டர் 2.4, 5 என்று இரண்டு பெயரில் வைஃபை கொடுத்தால் மற்றதில் முயலுங்கள். நெட்வொர்க் பெயர்களே வராமல், சிப்பும் சுத்தமாகத் தெரிந்தால் ஸ்டார்ட்டில் சர்வீசஸ் என்று தேடித் திறந்து, 'டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக்' (WLAN AutoConfig) என்ற வரி ரன்னிங் என்று இருக்கிறதா, ஆட்டோமேட்டிக் என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டில் ஓடுகிறது, காலேஜில் அல்லது ஆபீஸில் மட்டும் ஓடவில்லை என்றால் உங்கள் லேப்டாப்பைக் குறைசொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் விண்டோஸ் 11க்கு வந்த அப்டேட்டில் இதேதான் நடந்தது. ஆளுக்கொரு யூசர்நேம் கேட்கும் பெரிய நெட்வொர்க்குகளில் சில வைஃபை அடாப்டர்கள் ஒட்டாமல் போயின. மைக்ரோசாஃப்டே அதை ஒப்புக்கொண்டு, அந்த ஒரு மாற்றத்தை மட்டும் தூரத்திலிருந்தே திரும்பப் பெற்றது. அந்த மாதிரிச் சமயத்தில் உங்கள் லேப்டாப்பை நோண்டாமல், யூஎஸ்பி டெதரிங்கில் நெட்டைக் கொடுத்து, ஒரு ரீஸ்டார்ட் செய்து காத்திருப்பதுதான் வேலை.

கொஞ்ச நேரம் ஓடி, மூடித் திறந்தால் மட்டும் அறுந்துபோகிறதென்றால் அடாப்டரின் ஜன்னலில் பவர் மேனேஜ்மென்ட் தாவலைப் பாருங்கள். மின்சாரம் மிச்சப்படுத்த இதை அணைத்துக்கொள்ளலாம் என்ற வரியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். புது லேப்டாப் சிலவற்றில் அந்தத் தாவலே இருக்காது.

கனெக்டட், ஆனால் நெட் இல்லை

தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். தேதி தப்பினால் எந்தப் பாதுகாப்பான தளமும் திறக்காது. பேட்டரி செத்த லேப்டாப்பில் இது அடிக்கடி நடக்கும். வி.பி.என், ஆன்டிவைரஸ் இரண்டையும் சற்று நிறுத்திப் பாருங்கள். நெட்வொர்க்கின் ப்ராப்பர்ட்டீஸில் ஐபி முகவரி 169.254 என்று ஆரம்பித்தால் ரவுட்டர் உங்களுக்கு முகவரியே தரவில்லை.

எதுவும் ஆகவில்லை என்றால் செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அட்வான்ஸ்ட் நெட்வொர்க் செட்டிங்ஸ், நெட்வொர்க் ரீசெட். எல்லா அடாப்டரையும் எடுத்துத் திரும்பப் போடும், சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் அனைத்தும் போகும். அதனால் பாஸ்வேர்டு எழுதிவைத்திருக்கிறீர்களா என்று பார்த்துவிட்டே அழுத்துங்கள். நீங்கள் மாற்றியிருக்காவிட்டால் ரவுட்டரின் அடியில் அச்சடித்திருக்கும். கறுப்பு ஜன்னலில் கமாண்ட் அடித்தும் இதே வேலையைப் பண்ணலாம்தான். ஆனால் போனில் ஒருவரை அதை அடிக்கவைத்தால், ஸ்பேஸ் எது, ஸ்லாஷ் எது என்பதிலேயே சொந்தம் விட்டுப்போகும்.

அப்டேட்டையே கழற்றுவது

டிரைவர் மாற்றியும் தீராவிட்டால் மட்டும். விண்டோஸ் அப்டேட்டில் அப்டேட் ஹிஸ்டரி, அதன் அடியில் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். தேதியைப் பார்த்து நேற்றையதைக் கழற்றுங்கள். மாதாந்திர அப்டேட் இல்லாமல் விண்டோஸ் பதிப்பே மாறியிருந்தால் சிஸ்டம், ரெக்கவரி பக்கத்தில் 'கோ பேக்' இருக்கும். பத்து நாள்தான் கெடு, அதற்குப் பின் அந்தப் பட்டன் வேலை செய்யாது. கழற்றியபிறகு அப்டேட்டை ஒரு வாரம் 'பாஸ்' (pause, தற்காலிக நிறுத்தம்) செய்துவைக்காவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாக அதுவே திரும்ப ஏறிவிடும். ஒரேயடியாக நிறுத்திவைக்காதீர்கள், பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதும் அதே அப்டேட்தான்.

இவ்வளவுக்கும் பெயர் மங்கலாகவே இருந்தால்

சிப் நிஜமாகவே போயிருக்கலாம், அல்லது ஸ்லாட்டில் ஆடியிருக்கலாம். உபுண்டு (விண்டோஸ் மாதிரியே இன்னொரு இலவச ஆபரேட்டிங் சிஸ்டம்) போட்ட பென்டிரைவ் ஒன்றிலிருந்து இன்ஸ்டால் செய்யாமல் லேப்டாப்பை எழுப்பிப் பாருங்கள். அங்கே வைஃபை வந்தால் சிப்பில் பழுதில்லை, விண்டோஸ் பக்கம்தான் கோளாறு. வராவிட்டால் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டியதுதான். பல லேப்டாப்களில் வைஃபை கார்டு தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரியது, ஒரே ஒரு ஸ்க்ரூ, கறுப்பும் வெள்ளையுமாய் இரண்டு மெல்லிய ஆன்டெனா கம்பிகள். மாற்றுவதானால் பழைய கார்டின் பெயரைச் சொல்லி வாங்குங்கள். இன்டெல்லிலேயே ஏ.எக்ஸ். 210 பலவற்றிலும் ஓடும். 211 அதற்கேற்ற இன்டெல் பிராசஸர் இருந்தால்தான் ஓடும், ஏ.எம்.டி லேப்டாப்பில் போட்டால் காசு தண்டம். சில இடங்களில் கார்டு போர்டோடு சேர்த்தே பற்றவைத்திருப்பார்கள், அப்போது யூஎஸ்பி வைஃபை குச்சி ஒன்று செருகிக்கொள்வதுதான் வழி. மலிவுக் குச்சிகளோடு டிரைவர் என்று ஒரு குட்டி சிடி தருகிறார்கள். எந்த லேப்டாப்பில் இப்போது சிடி போட இடம் இருக்கிறது? விண்டோஸ் தானாகவே அடையாளம் காணும் குச்சியா என்று கேட்டு வாங்குங்கள்.

சித்தப்பா வீட்டில் அன்று பத்து மணிக்கு மூன்று பேரும் வந்து கைரேகை வைத்துவிட்டுப் போனார்கள். மத்தியானம் தூங்கி எழுந்து மறுபடி கூப்பிட்டேன். ஓடுகிற அந்த டிரைவரைக் கம்பெனித் தளத்திலிருந்து ஒரு தடவை இறக்கிப் பென்டிரைவில் போட்டுவைக்கவும், நவம்பர் முதல் தேதியே அப்டேட்டை இரண்டு வாரத்துக்குப் பாஸ் செய்யவும் சொன்னேன். பென்டிரைவை ஒரு தபால் கவருக்குள் போட்டு, மேலே 'விசிறி' என்று எழுதி, தேதி முத்திரை குத்துகிற இடத்தில் அன்றைய தேதியையும் போட்டாராம். பேட்டரி மட்டும் இன்னும் மாற்றவில்லை.